ராமபாணம்

வெலிங்டனில் பழைய பேப்பர் கடையில்
எடைக்கு வந்த ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு நடுவே கிடைத்தது வரைபடம்:
ஹெரான் நான்கு, மாடல் ராக்கெட், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு.
நீளம், விட்டம், மூக்கின் வளைவு,
கறுப்பு எங்கே முடிந்து மஞ்சள் எங்கே தொடங்க வேண்டும்,
எல்லாம் இருந்தன.
வாலிறகு வரைந்திருந்த மூலையை மட்டும்
ராமபாணப் பூச்சி தின்றிருந்தது.

எனக்குத் தொழில் பல்செட் கட்டுவது.
குன்னூரில் நான்கு டாக்டர்களுக்கு.
இல்லாத பல்லை இருக்கிற பல்லிடம் கேட்டுத்தான் வாங்குவேன்:
எதிர்ப்பல் தேய்ந்த விதம், ஈறு வற்றிய உயரம்,
கல்யாண போட்டோவில் அந்த அம்மாள்
சிரிக்காமல் சிரித்தது.
அதனால் பயப்படவில்லை.
உடம்பின் நீளம் பார்த்து, மூக்கின் கனம் பார்த்து
அட்டையில் ஏழு இறகு வெட்டி ஏழையும் தள்ளிவிட்டு
எட்டாவதை வைத்துக்கொண்டேன்.

இது நகல் இல்லக்கா, ஊகம் என்றான் ஜெபக்கனி.
பல்செட் எல்லாமே அப்படித்தான் என்றேன்.

உடம்புக்குக் கோவை மில்லில் நூல் சுற்றிய காகிதக் குழல்.
இறகுக்கு பால்சா, தபாலில், ஒரு மூலை நசுங்கி.
இன்ஜின் இரண்டு, பிஸ்கட் டின்னில். வந்த வழியைக் கேட்காதீர்கள்.
மூக்கை நானே வார்த்தேன், பல்செட் அக்ரிலிக்கில்.
வர்ணம் அடிக்கும்வரை மூன்று நாள்
ஈறு நிறத்தில் மேசைமேல் நின்றது.
டெலிவரிக்கு வந்த பையன் சுற்றிச் சுற்றிப் பார்த்து,
இது யாரு வாய்க்கு என்றான்.

கேத்தி பாலாடா. காரட் பிடுங்கி முடித்த
போஜனின் வயல். ஞாயிறு.
பாராசூட் கருகாமலிருக்க உள்ளே திணிக்கும்
தீப்பிடிக்காத தாள் எங்களிடம் இல்லை.
போஜன் வரப்புக்குப் போய்
ஒரு முட்டைக்கோஸ் இலை கிள்ளி வந்தான்.
பாதி தண்ணிதான இது என்றான்.

அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஜெபக்கனி.
தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான்
தினமும் உள்ளே விடுவார்கள். ஆணி இல்லாத செருப்பு.
எதுவும் பற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டதற்குப்
பதினேழு வருஷச் சம்பளம்.
பட்டனை அவன் கையில் கொடுத்தோம்.
கை நடுங்கியதா, தெரியாது. பள்ளத்திலிருந்து
மேகம் ஏறிக்கொண்டிருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து, நான்கு என்றெல்லாம் எண்ணவில்லை.
மண்டியில் மூட்டை ஏலம் போகிற குரலில்
போஜன் சொன்னான்:
ஒரு தரம்.
ரெண்டு தரம்.

சர்ரென்று ஒரு கிழிசல்.
தலை நிமிர்வதற்குள் மேகத்தில் ஓர் ஓட்டை,
அதுவும் மூடிக்கொண்டது.
நேராகப் போனதா என்பதற்கு மூன்று பேர் மூன்று பதில் சொன்னோம்.
மேலே எங்கோ டப் என்று ஒன்று.
பிறகு வெறும் காதுகள்.
எங்கோ ஒரு ஸ்பிரிங்க்ளர் திக் திக்கென்று சுற்றியது.

நான்கு வயல் தள்ளிப் பூண்டுப் பாத்தியில்
களை எடுத்துக்கொண்டிருந்த நஞ்சி வைத்திருந்தாள்.
மெதுவாத்தான் வந்துச்சு, உக்காந்துச்சு, என்றாள்.
முகர்ந்து பார்த்து, கோஸ் வெந்த வாசம் வருதே என்றாள்.
இலை உண்மையிலேயே வெந்திருந்தது.
பாராசூட்டில் ஒரு பொட்டுக் கருகல் இல்லை.
ஓர் இறகில் மட்டும் விரிசல்.

அப்புறம் அதே கடையில் அடுத்த மாத இதழ் கிடைத்தது.
கடைசிப் பக்கம், பொடி எழுத்து, திருத்தம்:
சென்ற இதழில் வாலிறகின் அகலம் தவறாக அச்சாகிவிட்டது,
அந்த அளவில் செய்தவர்கள் பறக்கவிட வேண்டாம்.

பூச்சி தின்றது பிழையை.

சரியான எண் என்னுடையதைவிட இரண்டு மில்லி குறைவு.
புதிதாக வெட்டச் சொல்கிறான் ஜெபக்கனி.
பல் என்றால் இரண்டு மில்லிக்கு வாய் மூடாது,
சோற்றின் முன் உட்கார்ந்து என்னைத் திட்டுவார்கள்.
இதை வைத்து வானம் என்ன மெல்லப்போகிறதா?
விரிசலை ஈறு நிற அக்ரிலிக்கில் ஒட்டி
வர்ணம் பூசாமல் விட்டிருக்கிறேன்.

டின்னில் ஓர் இன்ஜின் மிச்சம்.
போஜன் உருளை போட்டிருக்கிறான், இப்போதுதான் பூ விட்டிருக்கிறது,
காலே வைக்கக் கூடாது என்கிறான்.
வயல் காலியாக இன்னும் ஆறு வாரம்.